சாமிக்கு விட்ட சேவல்

மானகிரியில் பொன்னுத்தாயி வீடு எது என்று கேட்டால், "கோழிச் சத்தம் வர்ற பக்கமாப் போங்க" என்றுதான் முன்பெல்லாம் வழி சொல்வார்கள். ஊருணிக்குத் தெற்கே ஓட்டு வீடு. பின்னால் முள்வேலி அடைத்த கொல்லை. கொல்லை நிறைய நாட்டுக்கோழி. விடிந்ததும் அவற்றைக் கவிழ்த்து அடைத்த பஞ்சாரக் கூடைகளைத் தூக்கிவிடுவாள். பொழுது சாயும்போது "பா… பா… பா…" என்று நீட்டிக் கூப்பிடுவாள். வேலிக்கு அப்பால் குப்பை கிளறிக்கொண்டிருப்பவைகூட றெக்கையை அடித்துக்கொண்டு ஓடிவரும். "இந்தக் குரலுக்கு எம் புருசன் மட்டுந்தான் வரல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். புருஷன் முத்துவீரன் தரைக்கல் பதிக்கிற வேலைக்குக் கோயம்புத்தூர் போனவன், அங்கேயே வேறொரு குடித்தனம் வைத்துக்கொண்டான்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளையாக இருந்தது தங்கை சுபலட்சுமி. தாய் செத்தபோது சுபா தவழ்ந்துகொண்டிருந்தாள். பொன்னுத்தாயிக்கு அப்போது பாவாடை வயசு. அன்று இடுப்பில் ஏறிய தங்கையை அவள் பிறகு இறக்கிவிடவே இல்லை என்று சொல்லலாம். கோழி விற்றுப் படிக்க வைத்தாள், கோழி விற்றுத் தோடு செய்து போட்டாள், அரியக்குடியில் மினி லாரி ஓட்டும் செல்வத்துக்குக் கட்டிக்கொடுத்தாள். காரைக்குடியில் அழகுராஜா நடத்தும் மெஸ்ஸுக்கு வாரம் தவறாமல் கோழி போகும். கண்டனூரில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் திருவிழாவுக்குத் திறந்தால், வெளியூரிலிருந்து வந்தவர்களின் விருந்துக்கும் போகும். குறை என்று ஒன்று இருந்தால், அது சுபாவுக்கு வயிற்றில் பிள்ளை தங்காததுதான். இரண்டு தடவை உண்டாகி இரண்டு தடவையும் கலைந்துபோயிற்று.

அதற்காகத்தான் பொன்னுத்தாயி ஊர் எல்லைக் கருப்பருக்கு நேர்ந்துகொண்டாள். பொரித்து வெளிவந்த ஒரு செவலைச் சேவல் குஞ்சை எடுத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கால் நகத்தில் அடையாளம் கிள்ளி, "பிள்ளை பிறந்து தீட்டுக் கழிஞ்சதும் இது உனக்கு" என்று விட்டாள். சாமிக்கு விட்ட சேவலுக்கு ஊரில் தனி உரிமை உண்டு. காயப்போட்ட நெல்லில் இறங்கினாலும் விரட்டமாட்டார்கள். யாரும் அதற்கு விலை கேட்கமாட்டார்கள். ஆனால் செலுத்துவதற்கு முன்னால் அது நோவு கண்டு செத்துவிட்டால், சாமி நேர்த்தியைத் தள்ளிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சேவல் கூவத் தொடங்கிய மாதம் சுபா மறுபடி உண்டானாள். இந்த முறை தங்கிற்று. மூன்று மாதம், ஐந்து மாதம், ஏழு மாதம். பொன்னுத்தாயி ஒவ்வொரு நாள் காலையிலும் முதல் வேலையாகச் சேவலின் கொண்டையைப் பார்ப்பாள். அது சிவப்பாக இருந்தால் தங்கைக்குப் போன் செய்து, "நல்லாருக்கான்டி" என்பாள். யார் நல்லாயிருக்கிறார்கள் என்று சுபா கேட்பதில்லை.

மார்கழியில் ஊராட்சி மண்டபத்தில் கால்நடை டாக்டர் சத்தியமூர்த்தி ஒரு கூட்டம் போட்டார். பறவைக் காய்ச்சல் பற்றிய கூட்டம். டீயும் பன்னும் உண்டு என்பதால் நல்ல கூட்டம் சேர்ந்திருந்தது.

"செத்துக் கிடக்கிற காக்கா, கோழி, வாத்து எதையும் வெறுங்கையால தொடாதீங்க," என்றார் டாக்டர். "திடீர்னு கூட்டமாச் செத்தா உடனே எனக்குப் போன் பண்ணுங்க. நோவு வந்த இடத்துலேருந்து ஒரு றெக்கைகூட வெளிய போகக்கூடாது. சொணங்குற கோழிய அவசர அவசரமா அறுத்துக் குழம்பு வைக்கிறீங்கல்ல, அதை விட்டுருங்க. கோழிகிட்டப் புழங்குன ஆளுக்குக் காய்ச்சல், மூச்சு முட்டல்னு வந்தா, ஆஸ்பத்திரியில முத வார்த்தையா அதைத்தான் சொல்லணும்."

பொன்னுத்தாயி எழுந்தாள். "டாக்டரய்யா, தொடாமக் கோழி வளக்கணும்னா டிவியிலதான் வளக்கணும்."

மண்டபம் சிரித்தது. கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல் இருக்கும் மருதுபாண்டி எழுந்து நின்று கைதட்டினான். டாக்டரும் சிரித்துவிட்டார்.

"டிவியில வளத்தா முட்டை வராதேம்மா! நல்ல கோழியத் தாராளமாத் தொடுங்க, சோப்புப் போட்டுக் கையக் கழுவுங்க. நான் சொல்றது நோவு கண்டதை."

"நோவு கண்டா ஊசி போடுவீகளா?"

"இதுக்கு ஊசி கிடையாது. அந்த வட்டாரத்துல இருக்கிறதை எல்லாம் அழிச்சுப் புதைச்சுருவோம். அரசாங்கம் ஈடு குடுக்கும்."

"எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையும்."

அவர் சொன்ன மற்றவை எல்லாம் டீ ஆறுவதற்குள் அவளுக்கு மறந்துபோயின. இந்த ஒரு சொல் மட்டும் தங்கிவிட்டது.

தை கடைசியில் ஊருணிக் கரைப் புளியமரத்தின் அடியில் காக்கைகள் விழுந்து கிடந்தன. மறுநாள் பொன்னுத்தாயியின் கொல்லையில் அடைக்கோழி ஒன்று முட்டை மேல் உட்கார்ந்தபடியே செத்திருந்தது. வெள்ளைக் கழிச்சலாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். வருஷா வருஷம் வருகிற சீக்கு அது. ஆனால் அதற்குத் தடுப்பூசி போட்டிருந்தாள். அதற்கடுத்த நாள் கூடையைத் தூக்கியபோது பல கோழிகள் எழுந்திருக்கவில்லை. எழுந்தவற்றின் முகம் வீங்கியிருந்தது. கொண்டையும் தாடையும் நாவற்பழம் போலக் கறுத்திருந்தன. இத்தனை வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை. கூடையின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

செவலைச் சேவல் மட்டும் வேலிக்கல்லின் மேல் நின்று கூவிக்கொண்டிருந்தது. கொண்டை சிவப்பாகவே இருந்தது.

டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். போனைக் கையில் எடுத்தும்விட்டாள். அப்போதுதான் "எல்லாத்தையும்" என்ற சொல் காதில் விழுந்தது. டாக்டர் வந்தால் கருப்பர் சேவலும் குழிக்குள் போகும். சேவல் போனால் வயிற்றில் இருப்பது என்னவாகும்? சீக்கு வந்த வீட்டிலிருந்து நல்ல கோழியை வேற்றூர் உறவுக்காரர் வீட்டுக்குக் கடத்திவிடுவது இந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். அவள் தாயும் செய்திருக்கிறாள். அப்படித்தான் இனம் பெருக்க வேண்டிய வித்துக்கோழியைக் காப்பாற்றி வந்தார்கள். பொன்னுத்தாயி போனை வைத்துவிட்டுச் சேவலைப் பிடித்தாள். கூடையில் போட்டுத் துணியால் மூடிக்கட்டி, காரைக்குடிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து அரியக்குடி போய்த் தங்கை வீட்டுப் பின்கட்டில் இறக்கிவிட்டாள். திரும்பி வந்த பிறகுதான் டாக்டருக்குப் போன் செய்தாள். முதலில் சேவல், பிறகு டாக்டர். அவள் செய்த முதல் தப்பு அதுதான்.

சத்தியமூர்த்தி அன்று மாலையே வந்தார். முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு மாதிரி எடுத்தார். செத்தவற்றைப் புதைக்கச் செய்து சுண்ணாம்பு தூவினார்.

"இங்கேயிருந்து எங்கேயாவது கோழி போயிருக்காம்மா? மெஸ்ஸுக்கு, சொந்தக்காரங்க வீட்டுக்கு?"

"இந்த வாரம் மெஸ்ஸுக்குப் போடல. வேற எங்கயும் போகலய்யா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அதான் போகலைன்னேன்ல."

அவர் நம்பினார். அவளே போன் செய்து கூப்பிட்டவள் ஆயிற்றே.

மாதிரி போபாலில் உள்ள சோதனைக்கூடத்துக்குப் போய் முடிவு வர நாளாயிற்று. அதற்குள் அழகுராஜா தகவல் அறிந்து, மெஸ்ஸில் உயிர்க்கோழி அடைக்கும் கூண்டைக் காலி செய்து பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டான். பலகையில் கோழி வகைகளை அழித்துவிட்டான். "கோவிச்சுக்காதீக ஆத்தா," என்று போனில் சொன்னான். "நல்லா வெந்த கறியில ஒண்ணும் இல்லைன்னு டாக்டரு சொல்றாரு, எனக்கும் புரியுது. ஆனா உயிரோட வர்றது ஒண்ணுகூட இப்பக் கடைக்குள்ள வரக்கூடாது. சமையக்காரப் பயலுகளுக்கு எதுவும் வந்தா அவுக வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?" அவன் கேட்ட கேள்வி தன்னையே கேட்டது போல அவளுக்கு இருந்தது. போனை வைத்துவிட்டாள்.

முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல்தான். வெள்ளை உடுப்புப் போட்ட குழு ஊருக்குள் இறங்கி வீடு வீடாகப் போயிற்று. பொன்னுத்தாயியின் கொல்லையில் மிச்சமிருந்தவற்றை அவர்கள் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது சுபாவின் போன் வந்தது.

"அக்கா, சாமிச் சேவலு நேத்துலேருந்து இரை எடுக்கல. கொண்டை கறுத்துக்கிட்டு வருது. மூக்குல ஒரே ஒழுகல்."

பொன்னுத்தாயி வேலி ஓரமாக ஒதுங்கினாள். "நீ கிட்டப் போனியா?"

"போகாம? சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைச்சு வாயத் தொறந்து ஊட்டினேன். மூக்கை முந்தானையால தொடச்சுவிட்டேன். மடியில வச்சுக்கிட்டாத்தான் கண்ணு தொறக்குது."

"சுபா, தாயி, இனி தொடாத. கூடையப் போட்டு மூடிட்டு உள்ள போ. கையக் கழுவு. சேலைய மாத்து."

"என்னக்கா சொல்றே? எம் பிள்ளைக்கு விட்டதை நான் தொடாம யாரு தொடுவா?"

டாக்டர் சத்தியமூர்த்தி பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டால் திரும்பியிருப்பார். பொன்னுத்தாயி போனை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். இன்றைக்கு மட்டும் விட்டுப் பார்ப்போம், சாமி கைவிடாது என்று நினைத்தாள். அவள் நினைத்தது போல எதுவும் நடக்கவில்லை.

சுபாவுக்குக் காய்ச்சல் வந்தது. பக்கத்துக் கிளினிக்கில் காட்டினார்கள். கோழியைப் பற்றிச் செல்வம் சொல்லவில்லை, அவர்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இருமல் வந்தது. சேவலும் சாகவில்லை, தேறவும் இல்லை. பொன்னுத்தாயி அரியக்குடிக்குப் போய்ச் சேர்ந்தபோது சுபா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி மூச்சுக்கு ஏங்கிக்கொண்டிருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது. வயிற்றின் மேல் வைத்த கை ஏறி ஏறி இறங்கிற்று. உதடு லேசாகக் கறுத்திருந்தது. அந்த நிறத்தைப் பொன்னுத்தாயி தன் கொல்லையில் பார்த்திருக்கிறாள்.

"தம்பி, வண்டிய எடுங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். சேவலப் பத்திச் சொல்லிருவோம்."

செல்வம் தலையைப் பிடித்துக்கொண்டான். "சொன்னா என்ன ஆகும் மதினி? இந்தத் தெருவுல உள்ள கோழியெல்லாம் போகும். நம்ம மூஞ்சியில காறித் துப்புவாக. அதவிட, சாமி சேவலைக் குழியில போட்டுட்டு இந்தப் பிள்ளைய எப்பிடிப் பெத்து எடுக்கிறது? நீங்கதான நேந்து விட்டீக?"

"நான்தான் விட்டேன். நான்தான் கொண்டாந்தேன்."

"அக்கா," என்றாள் சுபா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கிற்று. "அதைக் குடுத்துறாத. அது போனா இதுவும் போயிரும்."

தங்கை எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லிப் பழகாதவள் பொன்னுத்தாயி. வாசலுக்கு வந்தாள். நல்ல வெயில். தெருவில் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. போனை எடுத்து டாக்டர் சத்தியமூர்த்தியைக் கூப்பிட்டாள். "பொய் சொல்லிட்டேன்யா" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"108-ஐக் கூப்பிடுங்க," என்றார். "வந்ததும் முத வார்த்தையா, நோவு வந்த சேவலை மடியில வச்சிருந்தவள்னு சொல்லுங்க. நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடறேன். நீங்க, செல்வம், எல்லாரும் மூக்கையும் வாயையும் மூடிக்குங்க. சேவல்கிட்ட யாரும் போகாதீங்க. நான் கிளம்பிட்டேன்."

ஆம்புலன்ஸ் வந்தது. சுபாவை ஏற்றினார்கள். செல்வமும் கூடவே ஏறினான். கதவை மூடும்வரை சுபா அக்காவைப் பார்க்கவில்லை, பின்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழு வந்தபோது சேவல் கூடைக்குள் இல்லை. மூடிய கூடையைத் தள்ளிக்கொண்டு வெளியேறி, செல்வம் அடுக்கி வைத்திருந்த விறகுக்கட்டைகளுக்குள் போய் ஒடுங்கிவிட்டது. கம்பை விட்டுக் குத்தினால் இன்னும் உள்ளே போயிற்று. விறகைச் சரித்தால் வெருண்டு வேலியைத் தாண்டித் தெருக்கோழிகளோடு கலந்துவிடும்.

"நீங்க கூப்பிட்டா வருமாம்மா?" என்றார் டாக்டர்.

கேட்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவரே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு ஒரு வெள்ளை உடுப்பையும் கையுறையையும் நீட்டினார். பொன்னுத்தாயி போட்டுக்கொண்டாள். விறகு அடுக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்து கூப்பிட்டாள்.

"பா… பா… பா…"

முதலில் ஒன்றும் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டாள். விறகுச் சந்திலிருந்து வீங்கிய தலை ஒன்று வெளியே வந்தது. கண் திறக்கவில்லை. குரல் வந்த திசையை வைத்துக்கொண்டு, ஒரு றெக்கை தரையில் இழுபட, குடிகாரன் போலத் தள்ளாடித் தள்ளாடி நடந்து வந்து கையுறை போட்ட அவள் கைக்குள் தலையை வைத்தது. கால் நகத்தில் அவள் கிள்ளிய அடையாளம் அப்படியே இருந்தது. "கருப்பா, நீ யாரை வேணும்னாலும் எடுத்துக்க, அவ வயித்துல இருக்கிறதை விட்டுரு" என்று சொல்லிக்கொண்டே சேவலைத் தூக்கி டாக்டரிடம் கொடுத்தாள்.

மறுநாள் அந்தத் தெருவிலும் சாக்குகள் நிறைந்தன. சுபாவின் எதிர்வீட்டுக் கருப்பி தன் கடைசிப் பெட்டையைக் கொடுத்துவிட்டு, பொன்னுத்தாயிக்குப் போன் போட்டு ஒப்பாரி போலவே கேட்டாள். "ஏன்டி, உன் சாமிச் சேவலு தனியாப் போகப் பயந்துச்சுன்னு எங்க வீட்டுக் கோழியையும் துணைக்கு அனுப்புனியா? நீ நல்லாருப்பியா?" பொன்னுத்தாயி போனைக் காதிலிருந்து எடுக்காமல் முழுவதையும் கேட்டாள்.

அவளை ஆஸ்பத்திரிக்குள் விடவில்லை. சேவலைத் தொட்டவள் என்பதால் மாத்திரை கொடுத்து, மானகிரி வீட்டிலேயே தனியாக இருக்கச் சொல்லிவிட்டார்கள். சுகாதார நர்ஸ் தினமும் ஜன்னலுக்கு வெளியே நின்று, "காய்ச்சல் இருக்கா? இருமல் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார். இல்லை என்று சொல்வதற்கே பொன்னுத்தாயிக்குக் கூச்சமாக இருந்தது. தனக்கு வந்திருக்க வேண்டியது தங்கைக்கு வந்திருக்கிறது. சுண்ணாம்பு பூத்த கொல்லையில் கவிழ்த்து வைத்த கூடைகள். சத்தமே இல்லை. பொழுது சாயும்போது வாய் தன்னால் கூப்பிடத் திறக்கும். பிறகு மூடிக்கொள்ளும்.

செல்வத்தின் போன் துண்டு துண்டாக வந்தது. சோதனையில் அதே கிருமிதான் என்று தெரிந்தது. சேவல் விஷயம் சொன்னதால் முடிவுக்குக் காத்திராமல் அன்றைக்கே மருந்தைத் தொடங்கிவிட்டார்களாம். இருந்தும் மூச்சு இறங்கிக்கொண்டே போகிறது. மூச்சுவிட மெஷின் வைத்துவிட்டார்கள். பிறகு, "மதினி, பிள்ளைய வெளிய எடுத்தாத்தான் ரெண்டுல ஒண்ணாவது…" என்று சொல்லத் தொடங்கி முடிக்காமல் வைத்துவிட்டான்.

அதற்கு மேல் போன் வரவில்லை. பொன்னுத்தாயி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாலையில் மருதுபாண்டி சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். பின்னால் துணி கட்டிய கூடை. துணி அசைந்தது.

"ஏய், மருது! நில்லு! கூடையில என்ன?"

அவன் காலை ஊன்றி இளித்தான். "சத்தம் போடாத ஆத்தா. ரெண்டு வித்துக்கோழி. கண்டனூரு வீட்டு நிலவறையில வச்சுக் காப்பாத்திட்டேன்ல! ஆளுக போயிட்டாக, அதான் வீட்டுக்குக் கொண்டு போறேன்."

"இறக்கு. அங்கனயே இறக்கி வையி. தொடாத!"

"தொடாமக் கோழி வளக்கணும்னா டிவியிலதான் வளக்கணும்னு சொன்னவ நீதான?" என்று அவன் சிரித்தான்.

பொன்னுத்தாயி கம்பியில் தலையை முட்டிக்கொண்டாள். ஒரு முறை, இரண்டு முறை, நெற்றி தோலுரிகிற அளவுக்கு. "அப்பிடித்தான்டா நானும் சிரிச்சேன். உம் பொண்டாட்டி பிள்ளைகள நெனைச்சுக்கடா. சுபா அங்குட்டு மெஷினுல கெடக்காடா." அவள் அழுத அழுகையில் எதிர்வீட்டுக் கதவெல்லாம் திறந்தது. மருதுபாண்டியின் சிரிப்பு நின்றது. கூடையைப் புளியமரத்தடியில் இறக்கி வைத்துவிட்டுத் தன் கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவனாக நின்றான். அவள் ஜன்னல் வழியே சோப்பை வீசினாள். பிறகு டாக்டருக்குப் போன் செய்தாள். இந்த முறை வேறு எவருக்கும் முன்னால்.

பிள்ளையை எடுத்துவிட்டார்கள் என்று மறுநாள்தான் தெரிந்தது. ஆண். ரெண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் என்றான் செல்வம். கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள். சுபாவைப் பற்றியும் அதையேதான் சொல்கிறார்கள்.

மாசி நடுவில் ஒரு நாள், வாய்க்குழாயை எடுத்த பிறகு, நர்ஸ் ஒருவர் போனைச் சுபாவின் காதில் வைத்தார். மெஷினின் இரைச்சல் முதலில் வந்தது. பிறகுதான் குரல், தேய்ந்துபோன குரல்.

"அக்கா, சாமி… எங்க இருக்கு?"

பிள்ளையைச் சுபா இன்னும் பார்க்கவில்லை. எழுந்து உட்காரும் வரை காட்டமாட்டார்கள். கண்டனூரில் விட்டிருக்கிறேன், நல்லாருக்கான் என்று சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும்? பொன்னுத்தாயி கவிழ்த்த கூடைகளைப் பார்த்தாள்.

"இல்லடி. நான்தான் கூப்பிட்டேன். வந்துச்சு. எங் கையாலயே டாக்டருகிட்டக் குடுத்துட்டேன்."

பொன்னுத்தாயி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"உங் குரலுக்கு வந்துச்சா?" என்றாள் சுபா.

"வந்துச்சு."

"கண்ணு தெரிஞ்சுச்சா, அதுக்கு?"

"தெரியலடி."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். அழ மூச்சுப் போதாமல் அது பாதியில் நின்று, மறுபடி தொடங்கிற்று. நர்ஸ் போனை வாங்கி, "இப்பப் பேசக் கூடாதும்மா, அப்புறம் பேசுங்க" என்றார்.

"அம்மா, பெட்டியில இருக்கிற பிள்ளை…" என்றாள் பொன்னுத்தாயி.

"இருக்கு," என்றார் நர்ஸ். "இன்னைக்கு இருக்கு."

போன் நின்றது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பொன்னுத்தாயி ஜன்னல் அருகிலேயே உட்கார்ந்து, நாளைக்கும் அதே ஒரு சொல்லைக் கேட்பதற்காகக் காத்திருந்தாள்.